கப்புக்குள் ஒரு பின்

ஏற்காட்டில் வீட்டுக்குள் எதற்கு ஃபேன் என்று பெங்களூர் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலம் கொதிக்கிற மே மாதத்திலும் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்துவிட்டால் ராத்திரிக்குப் போர்வை வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. நாகலூர் போகிற சாலையில் எங்களைச் சுற்றி இருந்த யார் வீட்டிலும் பார்த்த ஞாபகம் இல்லை. சேலத்து மாமா வீட்டுக்குப் போனால்தான் ஃபேன். அதன் கீழே மல்லாந்து படுத்து, சுற்றும்போது எத்தனை இறக்கை தெரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் எனக்கு முழுப்பரீட்சை லீவு.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. துணி காய்வதற்கு என்று அம்மா சொல்வாள். அது பாதி உண்மை. மஞ்சு இறங்குகிற மாதங்களில் கொடியில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் ஈரம் விடாது, அலமாரியில் வைத்த பெல்ட்டில் பூஞ்சை பூக்கும். மீதிப் பாதி, அப்பா.

அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். 2016-ல் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சேலத்தில் பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, "முகத்துல காத்து படற மாதிரி ஒரு ஃபேன் போடுங்க" என்றார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது அங்கிருக்கிற நரம்புகள் மூளைக்கு அனுப்பும் சேதி, மூச்சுத் திணறுகிற உணர்வைக் குறைக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் கூடுவதால் அல்ல; திணறுகிறோம் என்ற பயம் கொஞ்சம் இறங்குகிறது. அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே, ஓட்டுக் கூரையின் உத்திரத்தில் கொக்கி போட்டு ஃபேனை மாட்டினோம். ரெகுலேட்டரில் 2. அதற்கு மேல் அவருக்குப் பிடிக்காது. 2017 தை மாதம் போய்விட்டார்.

அந்தக் கட்டிலில் இப்போது அம்மா படுக்கிறாள். மார்கழியிலும் ராத்திரி ஃபேன் ஓடும். கழுத்து வரை கம்பளி, மேலே 2-ல் ஃபேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் பிடிக்கவில்லை என்பாள். நான் அதற்கு மேல் கேட்டதில்லை.

2023 சித்திரையில் ஒருநாள் போனில் சொன்னாள்: "கண்ணு, இப்ப அஞ்சுல வெச்சாத்தான் முன்ன ரெண்டுல வந்த காத்து வருது."

என் வேலையில் இதைவிட நல்ல பிழை அறிக்கையை நான் வாங்கியதில்லை. "ஆப் வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்களுக்கு நடுவில், எது மாறியது, எவ்வளவு மாறியது, எதோடு ஒப்பிட்டு என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அந்த நொடியே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. "கண்டன்சர் வீக்காகியிருக்கும்மா. வரும்போது மாத்திடறேன்."

கண்டன்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டு ஃபேனில் இருப்பது ஒற்றை ஃபேஸ் மோட்டார். ஒரே ஒரு காயிலில் மாறுமின்சாரம் பாயும்போது உண்டாகிற காந்தப்புலம் சுழலாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்கும். ரோட்டாரை இடமும் வலமுமாகச் சமமாக இழுப்பதால் அது எந்தப் பக்கமும் போகாமல் "ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும். கையால் இடப்பக்கம் தள்ளிவிட்டால் இடப்பக்கம் சுற்றும், வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம். கண்டன்சர் முழுசாகப் போன ஃபேனை அடையாளம் காண்பது இப்படித்தான். இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க இரண்டாவதாக ஒரு காயில் சுற்றி, அதில் பாயும் மின்சாரத்தைக் கண்டன்சர் மூலம் கொஞ்சம் முன்னதாகத் துடிக்க வைக்கிறார்கள். இரண்டு துடிப்புகளும் சேர்ந்தால் புலம் சுழலத் தொடங்கும். ஃபேனுக்குத் திசை என்று ஒன்று வருவது அந்தச் சின்ன டப்பியால்.

அதற்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. வோல்டேஜ் எகிறும்போது எங்காவது ஒரு புள்ளியில் தாள் பொத்துக்கொள்ளும். உடனே அந்த இடத்தைச் சுற்றியிருக்கிற உலோகம் ஆவியாகி விலகிவிடும். ஷார்ட் ஆகாது, ஃபேன் நிற்காது. தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் கண்டன்சர் என்றே இதற்குப் பெயர். ஆனால் ஒவ்வொரு தடவை குணமாகும்போதும் கொஞ்சம் உலோகம் குறைந்து, கொள்ளளவும் இம்மி இம்மியாக இறங்கும். அதனால்தான் ஃபேன் ஒரே நாளில் மெதுவாவதில்லை. அம்மா 2-லிருந்து 3-க்குப் போனது எந்த மாதம் என்று அவளுக்கே தெரியாது.

வரும்போது மாற்றிவிடுகிறேன் என்றேன் இல்லையா, ஜூனில் வந்தேன். ஒரு சொந்தக்காரக் கல்யாணம், அரை நாள், கிளம்பிவிட்டேன். ஆகஸ்ட் லீவில் ஆபீஸ் நண்பர்களோடு வந்தேன். பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், அம்மா கையால் சாப்பாடு. ஃபேன் 5-ல் முக்கிக்கொண்டு சுற்றியதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் உண்மை. தீபாவளி முடிந்து நவம்பரில்தான் சேலத்தில் பஸ் மாறும்போது ஞாபகமாக 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை 70 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு ஏறினேன்.

முறையாகத்தான் செய்தேன். வோல்டேஜ் பார்த்தேன், சரியாக இருந்தது. மெயினை இறக்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிட்டேன், தடையில்லாமல் ஓடி நின்றது, பேரிங் நன்றாக இருக்கிறது. மோட்டார் மேல் இருக்கிற கீழ்க் கப்பைத் தூக்கி, பழைய கண்டன்சரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தேன்: 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 1.6. ஏழு மாதத்துக்கு முன் போனில் சொன்ன நோய் உறுதியானபோது ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். புதுசை மாட்டி, இறக்கையில் களிம்பு மாதிரி அப்பியிருந்த ஈரத்தூசியைத் துடைத்து, திருகுகளை முடுக்கி, மெயினை ஏற்றினேன். பறந்தது. அம்மா 5-ல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாடி, ஆளத் தூக்கிரும் போல" என்றாள். அன்றைக்குப் பாராட்டாகக் காப்பி இரண்டு தடவை வந்தது. அந்த ஆசையில் அன்று ராத்திரி 3-ல் வைத்துத் தூங்கினாள். நான் ஹாலில் தூங்கினேன்.

மறுநாள் காலையில் தண்ணி மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார். அறுபதை நெருங்குகிறவர், அப்பாவுக்குப் பழக்கம். ஸ்டார்ட்டரை முடித்துவிட்டு ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, அந்த ரூம்ல டிக்கு டிக்குனு ஒரு சத்தம் வருதே, எத்தன நாளா?"

"நேத்துலேர்ந்துதாங்கண்ணே. கண்டன்சர் மாத்துனேன், ஸ்பீடு கூடிருச்சு. ரெக்கை ஸ்க்ரூவெல்லாம் டைட் பண்ணிட்டேன்."

"கண்டன்சர் சரி. கீழ யாரு படுக்கறாங்க?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. அம்மா என்றேன். அவர் ஃபேனை நிறுத்தி, ஸ்டூல் கேட்டு, ஏறி, நான் தொடாத மேல் கப்பை இறக்கினார். கொக்கியில் ஃபேன் தொங்குவது ஒரு ரப்பர் உருளை மேல். அந்த உருளைக்கு நடுவே ஒரு போல்ட், போல்ட்டின் முனையில் நட், நட் கழன்று வராமலிருக்க போல்ட்டில் இருக்கிற ஓட்டையில் ஒரு ஸ்ப்ளிட் பின். எங்கள் ஃபேனில் பின் இல்லை. கப்பின் உள்விளிம்பில் துருப்பொடியாக அதன் மிச்சம் இருந்தது. ஏழு வருஷ மஞ்சு. பிடிக்க ஆளில்லாத நட், ஆட்ட ஆட்டத்தில் நகர்ந்து நகர்ந்து போல்ட்டின் கடைசி இரண்டு மரையில் வந்து நின்றிருந்தது. அவர் விரலால் ஒரு சுற்று சுற்றினார், கையோடு வந்துவிட்டது. நட்டை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நான் செய்த பழுதுபார்ப்பு ஒவ்வொரு படியிலும் சரி. அதன் மொத்தப் பலன், அம்மாவின் தலைக்கு மேல் தொங்கிய, கழன்றுகொண்டிருந்த ஒரு பொருளை இன்னும் வேகமாக ஆட வைத்தது.

விழவில்லை. விழாத ஒன்றுக்காக ஒருவன் எவ்வளவு வருத்தப்படலாம்? பெங்களூர் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதைக் கிட்டத்தட்ட இதே வடிவத்தில் 1877-ல் ஒருவர் எழுதியிருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. வில்லியம் கிளிஃபோர்ட், இங்கிலாந்துக் கணித அறிஞர். இன்றைக்கும் இயற்பியலில் அவர் பெயரில் ஓர் இயற்கணிதம் இருக்கிறது. நம்பிக்கையின் அறம் பற்றிய அவருடைய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியில் தொடங்கும். கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிறது. முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். செலவாகும். இத்தனை புயலைத் தாண்டிய கப்பல் இதையும் தாண்டும் என்று தன்னைத் தேற்றி, மனசார நம்பி, கையசைத்து அனுப்புகிறான். நடுக்கடலில் மூழ்குகிறது, இவன் இன்சூரன்ஸ் பணம் வாங்கிக்கொள்கிறான். இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை, அவன் குற்றவாளி. கிளிஃபோர்ட் அடுத்து கதையை மாற்றுகிறார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் குறைகிறதா? துளியும் குறையாது என்கிறார். மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல அவருக்கு ஓர் உரிமை இருந்தது. 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சிசிலி அருகே கப்பல் உடைந்து பிழைத்தவர் அவர். காசநோயால் 33 வயதில் இறந்துபோனார். அவரைவிட எனக்கு வயது அதிகம் என்பது படிக்கும்போதெல்லாம் உறுத்தும்.

கிளிஃபோர்டை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஒருவகையில் நிம்மதி. ஃபேன் விழுந்திருந்தாலும் விழாவிட்டாலும் நான் ஒரே ஆள், ஒரே அளவு தப்பு. ஆனால் மனசு அப்படி எடை போடுவதில்லை. 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றி எழுதிய கட்டுரைகள் இந்த இடத்தைத்தான் தொடுகின்றன. நேகலிடம் ஒரு லாரி டிரைவர் வருவார். பிரேக்கைச் சமீபத்தில் சோதிக்காதவர். குழந்தை குறுக்கே ஓடி வந்து அடிபட்டால் வாழ்நாள் முழுக்க அந்தப் பிரேக்கை நினைத்துக்கொண்டிருப்பார். குழந்தை ஓடி வரவில்லையென்றால்? அதே பிரேக், அதே அசட்டை, ஆனால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவார். வித்தியாசம் அவர் கையில் இல்லாத ஒன்றில் இருக்கிறது. நான் அந்தச் சாப்பிட்டவன். நட்டைப் பார்த்த அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன், சத்தியமாக.

எனக்கும் கப்பல் முதலாளிக்கும் ஒரு வித்தியாசம் இருப்பதாகச் சில நாள் வாதாடிப் பார்த்தேன். அவனுக்குச் சந்தேகம் வந்தது, அதை அமுக்கினான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேல் கப்புக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லாத ஒருவன் எதை அமுக்கினான்? தெரியாததற்குப் பொறுப்பேற்க வேண்டுமென்றால் எல்லை எங்கே? வீட்டில் கேஸ் டியூப் இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, அம்மா வழுக்காமல் இறங்க வேண்டிய நான்கு கல்படி இருக்கிறது. எல்லா நட்டையும் திருகிப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த வாதம் கிட்டத்தட்ட என்னை விடுவித்துவிட்டது. சிக்கியது அந்தக் கேள்வியில்தான்: கீழ யாரு படுக்கறாங்க? அவர் என்னைவிட அதிகமாக மின்சாரம் படித்தவர் இல்லை. புலம் ஏன் சுழல்கிறது என்று கேட்டால் சொல்வாரா என்று தெரியாது. ஆனால் நான் ஃபேனைப் பார்த்தபோது ஒரு மோட்டாரைப் பார்த்தேன், ஏன் மெதுவாகிறது என்ற புதிரைப் பார்த்தேன். அவர் ஒரு கட்டிலுக்கு மேல் தொங்குகிற எடையைப் பார்த்தார். அதே ஃபேன் கோழிக்கொட்டகையில் இருந்திருந்தால் காப்பியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை, எதன் கீழே ஆள் இருக்கிறதோ அதைச் சோதித்தால் போதும் என்பது மாதிரி ஒரு வரிசை அவரிடம் இருந்தது. என்னிடமும் அறிவு இருந்தது, வரிசைதான் இல்லை. ஏழு மாதம் எனக்கு அது 70 ரூபாய் பிரச்சினை. சுவாரசியம் தீர்ந்துபோன, விடை தெரிந்துவிட்ட பிரச்சினை. விடை தெரிந்ததால்தான் தள்ளிப்போட முடிந்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது. காரணம் தெரியாமல் இருந்திருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்று சித்திரையிலேயே சொல்லியிருப்பேன். அவர் மேல் கப்பையும் இறக்கியிருப்பார்.

எங்கள் துறையில் சர்வர் விழுந்தால் பிறகு உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். யார் மேலும் பழி போடக்கூடாது, மனிதன் தப்பு செய்வான், அதை அனுமதித்த அமைப்பில் என்ன ஓட்டை என்று பார்க்க வேண்டும் என்பது விதி. கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு இது ஏறக்குறைய வேதம். நல்ல விதி, பல பேர் வேலை அதனால் தப்பித்திருக்கிறது. அம்மாவின் ஃபேனுக்கு அந்த மாதிரி ஓர் அறிக்கை எழுதிப் பார்த்தேன். "அமைப்பு" என்ற இடத்தில் யாரை எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. ஒரு மகன், ஒரு போன், மாதம் ஒரு தடவை வருகிற பஸ். இதில் அமைப்பு எது? தவிர, விழாத சர்வருக்கு யாரும் அறிக்கை எழுதுவதில்லை.

ஃபேன் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் வெயிலுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கூரையில் துணிப் பங்கா கட்டி, கயிற்றை வெளித் திண்ணையில் ஓர் ஆளிடம் கொடுத்து ராப்பகலாக இழுக்க வைப்பது. இன்னொன்று, பங்காவே தேவைப்படாத உயரத்துக்கு ஏறிவிடுவது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்து, பின்னாலேயே பங்களாக்கள் வந்த இந்த மலை இரண்டாவது வகை. முதல் வகையை ஈ.எம். ஃபார்ஸ்டர் 1924-ல் வந்த தன் இந்தியா நாவலின் நீதிமன்றக் காட்சியில் பார்த்திருக்கிறார். வழக்கே தலைகீழாகிக் கூடம் காலியான பிறகும், நடந்தது எதுவும் தெரியாமல் பங்கா இழுப்பவன் இழுத்துக்கொண்டே இருப்பான். 1880-களில் அமெரிக்காவில் ஃபிலிப் டீல் தையல் மெஷின் மோட்டாரை வைத்து சீலிங் ஃபேன் செய்தபோது அந்தக் கயிற்றுக்காரன் ஒழிந்தான். ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கயிறு இருந்தவரைக்கும் காற்று நின்றால் மறுமுனையில் ஓர் ஆள் தூங்கிவிட்டான் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு காற்றுக்குப் பின்னால் யாராவது விழித்திருக்க வேண்டும் என்பதை மோட்டார் மறக்க வைத்துவிட்டது. அந்த ஏழு மாதம் விழித்திருக்க வேண்டியவன் நான் என்று எனக்கே தோன்றவில்லை. (கயிறு இழுத்தவனுக்கும் என் ஐ.டி. சம்பளத்துக்கும் உறவு கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். அவன் தூங்கினால் உதை வாங்கினான்.)

பழையதைக் கழற்றிப் புது ஃபேன் போடுவது பற்றியும் பேச்சு வந்தது. பழையது 75 வாட், இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன்கள் 30 வாட்டுக்குப் பக்கம். 2023 ஜனவரியிலிருந்து ஃபேனுக்கு ஸ்டார் லேபிளே கட்டாயம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அம்மாவின் பில் ஏற்கெனவே கிட்டத்தட்ட பூஜ்யம். "மிச்சம் புடிச்சு யாருக்குக் குடுக்க?" என்றாள். பூமிக்கு என்று சொல்ல வாய் வந்தது. பெங்களூர் ஃபிளாட்டில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிறவன் ஏற்காட்டில் 2-ல் ஓடும் ஃபேனிடம் பூமியைப் பற்றிப் பேசக்கூடாது என்று விட்டுவிட்டேன். சத்தமே வராத ஃபேன் அவளுக்கு எதற்கு என்பது வேறு விஷயம்.

எலக்ட்ரீஷியன் பையிலிருந்து புது போல்ட், நட், பின் போட்டு, பின்னின் இரண்டு காலையும் குறடால் விரித்து மடக்கினார். துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவினார். கொக்கியைப் பிடித்துத் தன் எடையைக் கொடுத்துத் தொங்கியே பார்த்தார். ஸ்டார்ட்டருக்கும் சேர்த்து 250 என்றார். நான் ஐநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எதுக்குங்க தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. இருந்தது, அவரிடம் சொல்லக்கூடியதாக இல்லை. வேலைக்கான கூலியை அவர் கேட்டுவிட்டார். மிச்சம் நான் எனக்காகக் கொடுத்தது. ஒரு கணக்கை அவர் மூலமாக முடிக்கப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தாளையும் என்னையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். 250 ரூபாய் மீதியை ஜன்னல் திட்டில் வைத்து, அதன் மேல் அந்தப் பழைய நட்டை எடையாக வைத்துவிட்டுப் போனார். பணத்தை அம்மா எடுத்துவிட்டாள். நட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் ஸ்டூலில் நின்றபோது அவள் சமையல்கட்டில் இருந்தாள். சொன்னால் அந்தக் கட்டிலில் இனி தூங்குவாளா என்பது ஒரு காரணம். சொல்ல எனக்குத் தைரியமில்லை என்பது இன்னொன்று. எது முதல் காரணம் என்று என்னை நானே கேட்காமல் தவிர்த்து வருகிறேன். கிளிஃபோர்ட் பார்த்தால் இதையும் ஒரு கப்பல் என்பார்.

போன வாரம் பேசும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி அவரு ஸ்டூல் போட்டு ஏறி என்னதான் பண்ணாரு?"

"ஒரு பின்னு மாத்துனாரும்மா."

"பின்னுக்கா ஐநூறு குடுக்கப் பாத்த? அஞ்சு ரூவா இருக்குமா அது?"

"அதுகூட இருக்காது."

"சம்பாதிக்கற திமிரு" என்றாள். பின்னால் சத்தம் கேட்டது. எத்தனையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ரெண்டுலதான் என்றாள். டிக் என்று ஏதாவது வருகிறதா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, நீ சாப்பிட்டியா என்றாள்.